வனிலாக் காய், பேஸ்ட், எசன்ஸ், வெள்ளைப் பவுடர்: எதை எதில் போடுவது?

கல்லடி மகள்:
வீட்டில் கேக் ஓடர் எடுத்துச் செய்கிறேன். கூடுதலாகப் பட்டர் கேக், அப்புறம் பிறந்தநாளுக்கு ஐசிங் கேக். இவ்வளவு காலமும் சின்னப் போத்தலில் வரும் வனிலா எசன்ஸ்தான். இப்போது கனடாவிலிருந்து வந்த மச்சாள் ஒரு பொதியே தந்திருக்கிறா: கண்ணாடிக் குழாயில் கறுப்பு வனிலாக் காய்கள், ஒரு போத்தல் பேஸ்ட், ஒரு போத்தல் எக்ஸ்ட்ராக்ட் (காயை மதுசாரத்தில் ஊறவைத்து எடுத்த சாறு). கேக் சாமான் கடையில் வாங்கிய வெள்ளை வனிலாப் பவுடரும் கிடக்கிறது.

எக்ஸ்ட்ராக்டில் மதுசாரம் 35 வீதம் என்று போட்டிருக்கிறது. முஸ்லிம் ஆட்கள் இருக்கும் காத்தான்குடியிலிருந்தும் எனக்கு ஓடர் வரும், அவர்களுக்கு இதைப் போடலாமா? இன்னொன்று, காய்களின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. பூஞ்சணமா? எறியவும் மனம் வரவில்லை. சனிக்கிழமை ஒரு பட்டர் கேக்கும் ஒரு கரமல் புடிங்கும் கொடுக்க வேண்டும்.

சாய்ந்தமருது ராத்தா:
தங்கச்சி, காயை எறிந்துவிடாதீங்க. ஜன்னலடிக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துப் பாருங்கள். ஊசி ஊசியாக மினுங்கினால் அது வனிலின், வனிலாவின் முக்கிய மணப்பொருள், காய்க்குள் இருந்தே வெளியே வந்து படிந்தது. நல்ல காயில்தான் அப்படி வரும். மினுக்கம் இல்லாமல் பஞ்சுபோல ஒட்டிக்கொண்டு, மணந்து பார்த்தால் புழுங்கல் நாற்றம் அடித்தால்தான் பூஞ்சணம். அப்படியென்றால் துடைத்துப் பாவிக்கிற வேலையும் வேண்டாம்.

பட்டர் கேக்குக்கு உங்கட பழைய எசன்ஸே போதும். அசல் வனிலாவில் இருநூறுக்கும் மேற்பட்ட மணப்பொருட்கள் இருக்காம். மெல்லிய மணமெல்லாம் ஓவன் சூட்டில் பறந்துவிடும். ஒழுங்கை முழுக்க மணக்கும், கேக்கில் மிஞ்சுவது பெரும்பாலும் வனிலின்தான். எசன்ஸில் இருப்பதும் அதுதானே. 250 கிராம் பட்டர், 250 சீனி, 250 மா, ஐந்து முட்டைக்கு ஒன்றரைத் தேக்கரண்டி போடுங்கள். கடைசியில் மாவோடு சேர்த்து ஊற்றாமல், பட்டரும் சீனியும் அடிக்கும்போதே விட்டுவிடுங்கள். கொழுப்பு மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எங்கட ஆட்கள் கேக்கைக் கையில் எடுத்தவுடன் முதலில் மணந்துதான் பார்ப்பார்கள். முட்டை வெடுக்கு அடித்ததோ, அடுத்த ஓடர் வராது.

காயைப் புடிங்குக்கு வையுங்கள். நெடுக்காகக் கீறி, கத்தியின் முதுகால் விதையை வழித்து, விதை தோல் இரண்டையும் பாலில் போட்டுச் சிறுதீயில் சூடாக்குங்கள். கொதிக்க விடாமல் இறக்கி, மூடி அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு முட்டையில் சேர்க்கலாம். வடித்தெடுத்த தோலை வீசாதீங்க. கழுவி, மொரமொரவென்று காயவிட்டு, சீனிப் போத்தலுக்குள் புதைத்து வையுங்கள். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் எங்கட கடற்காற்றுக்குச் சீனி கட்டிபட்டுப் போகும்.

பேஸ்ட் பட்டர் ஐசிங்குக்கு அருமை. ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய ஒரு காய்க்குச் சமம், எக்ஸ்ட்ராக்ட் என்றாலும் ஒரு தேக்கரண்டிதான். ஆனால் பேஸ்டில் விதை இருக்கும். வெள்ளை ஐசிங்கில் கறுப்புப் புள்ளி கண்டால் “எறும்பு விழுந்திருக்கு” என்று போன் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கலியாணக் கேக் என்றால் நிறமில்லாத எசன்ஸ்தான் பாதுகாப்பு. வெள்ளைப் பவுடர் கத்தி நுனியளவு போதும், இளஞ்சூட்டுப் பாலில் கரைத்து விடுங்கள். கூடினால் கசக்கும்.

வட்டிலப்பத்தில் மட்டும் இதில் எதையும் போடாதீங்க. ஏலக்காய் இருக்கிற இடத்தில் வனிலாவுக்கு என்ன வேலை?

செங்கலடி சேர்:
எசன்ஸைப் போலி என்று சிலர் ஒதுக்குவதால் ஒன்று சொல்கிறேன். காயிலுள்ள வனிலினும் ஆலையில் செய்யும் வனிலினும் ஒரே மூலக்கூறுதான். 1874இல் ஜேர்மனியில் டீமன், ஹார்மன் என்ற இருவர் பைன் மரத்திலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு முதலில் அதைச் செய்தார்கள். காய் விலை கூடியதற்குக் காரணம் பூ. அது ஒரு நாள்தான் மலர்ந்திருக்கும், அதற்குள் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். அந்தச் சுலபமான கைமுறையை 1841இல் ரியூனியன் தீவில் கண்டுபிடித்தவன் எட்மண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன். இன்றும் அதே முறைதான்.

பவுடர் பைக்கற்றில் எத்தில் வனிலின் என்று இருக்கிறதா பாருங்கள். அது சாதாரண வனிலினைவிடச் சுமார் மூன்று மடங்கு கடுமை, ராத்தா சொன்ன கத்தி நுனியிலும் குறைக்க வேண்டும்.

ஏறாவூர் பேக்கர்:
மதுசாரம் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஓவனில் வைத்தால் முழுவதும் ஆவியாகிவிடும் என்பது சரியில்லை, கொஞ்சம் மிஞ்சும். ஐசிங்கில் அப்படியே இருக்கும். எசன்ஸ் என்றால் மதுசாரம் இல்லை என்றும் நினைக்க வேண்டாம், சிலதில் இருக்கு. பேஸ்டையும் ராத்தா லேசாகச் சொல்லிவிட்டா. பல பேஸ்ட்களில் எக்ஸ்ட்ராக்ட்தான் கலந்திருக்கும், லேபிளைத் திருப்பிப் பாருங்கள். கூடும் கூடாது என்பதில் உலமாக்களிடமே கருத்து வேறுபாடு இருக்கு, அதை நாங்கள் தீர்க்கத் தேவையில்லை. என்ன போடுகிறேன் என்பதை ஓடர் எடுக்கும்போதே சொல்லிவிடுவேன். மதுசாரம் வேண்டாம் என்று கேட்பவர்களுக்கு, அதற்குப் பதில் கிளிசரினில் செய்த வனிலா, இல்லாவிட்டால் காய்.

சாய்ந்தமருது ராத்தா:
பேக்கர் சொல்வது சரி. என்னுடைய பேஸ்ட் மதுசாரம் இல்லாதது, அந்த நினைப்பில் எழுதிவிட்டேன்.

கல்லடி மகள்:
எல்லோருக்கும் நன்றி. வெயிலில் பிடித்துப் பார்த்தேன், நல்லா மினுங்குது! பேஸ்ட் லேபிளில் எக்ஸ்ட்ராக்ட் இருக்கிறது, அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். சனிக்கிழமைப் புடிங் காத்தான்குடிக்குத்தான், காயே போடுகிறேன். ராத்தா, இந்த எக்ஸ்ட்ராக்டை பிரிஜ்ஜில் வைக்கவா?

சாய்ந்தமருது ராத்தா:
வேண்டாம், இருட்டு அலுமாரி போதும். காயையும் பிரிஜ்ஜில் வைக்காதீங்க, காய்ந்து போகும். எக்ஸ்ட்ராக்ட் மூடியில் மார்க்கரால் பெரிசாக எழுதி, ஓடர் சாமான்களோடு கலக்காமல் வேறு தட்டில் வையுங்கள்.