தராசில் எடை சொன்னதும் மறந்துபோகிறது, என்ன செய்யலாம்?

மண்டபம்காரன்:
ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் மீன் வாங்கும் இடத்தில் கணக்கு எழுதுகிறேன், வயது 29. விசைப்படகு கரைக்கு வரும் நாளில் விடியற்காலையிலேயே தராசுப் பக்கம் நிற்க வேண்டும். எடை போடுகிற அண்ணன் "சீலா முப்பத்தேழரை, கணவாய் எட்டே கால், நண்டு பதினொண்ணு" என்று ஒரே மூச்சில் சொல்வார். சீலாவை எழுதி முடிப்பதற்குள் யாராவது "தம்பி, ஐஸ் வந்துருச்சா?" என்பார்கள், அவ்வளவுதான், கணவாய் எட்டே காலா எட்டே முக்காலா என்று தெரியாது. திரும்பக் கேட்டால் முறைக்கிறார். போன வாரம் ஒரு பெட்டி நண்டு கணக்கில் விட்டுப்போய், சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த செய்யுள் மட்டும் இன்னும் வரி பிசகாமல் வருகிறது! அம்மா வல்லாரைத் துவையலாக அரைத்துப் போட்டுப் பார்த்துவிட்டார். மூளைப் பயிற்சி ஆப் ஒன்று வருடச் சந்தா கேட்கிறது, கட்டலாமா?

பாம்பன் காத்து:
கட்டாதீர்கள். அதில் விளையாடினால் அந்த விளையாட்டில்தான் கை தேறும், தராசுக்கு வந்து சேருவது குறைவு என்றுதான் ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. செய்யுள் இருப்பது வேறு கிடங்கு. உங்களுக்குத் தட்டுப்படுவது கையில் பிடித்திருக்கும் ஞாபகம், அது எல்லோருக்குமே சின்னதுதான். ஒரே நேரத்தில் அதில் ஏறத்தாழ ஏழு சங்கதி நிற்கும் என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் சொன்னார், 2001இல் நெல்சன் கோவன் என்ற இன்னொரு உளவியலாளர் அதை ஏறத்தாழ நான்காகக் குறைத்தார். மூன்று மீன், மூன்று எடை என்றாலே நிரம்பிவிட்டது. அப்புறம், கேட்ட எண்ணை நாம் மனசுக்குள் முணுமுணுத்துத்தான் பிடித்து வைக்கிறோம், அந்த நேரம் பார்த்து யாராவது பேசினால் முணுமுணுப்பு அறுந்துவிடும். ஐஸ் கேட்கிறவர் செய்வது அதைத்தான்.

கீழக்கரை அக்கா:
தம்பி, நான் பத்து வருஷம் மளிகைக் கடையில் பில் போட்டவள். மீன் பேரையெல்லாம் முதலிலேயே வரிசையாக எழுதிய தாளை அட்டையில் குத்தி வைத்துக்கொள்ளுங்கள், எண்ணை மட்டும் போட்டால் போதும், பாதி சுமை அங்கேயே இறங்கிவிடும். எடையைக் கேட்டதும் சத்தமாகத் திருப்பிச் சொல்லுங்கள், தப்பாக இருந்தால் அவரே திருத்துவார், முறைக்கவும் மாட்டார். போன் நம்பரை ஐந்து ஐந்தாகப் பிரித்துச் சொல்கிறோமே, அது மாதிரி பெட்டிக்குப் பெட்டி நிறுத்திச் சொல்லச் சொல்லுங்கள். எழுதி முடிக்கும்வரை யாருக்கும் பதில் சொல்லாதீர்கள், கையை மட்டும் காட்டுங்கள்.

தொண்டிப் பையன்:
ஒரு கேள்வி. ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் விசைப்படகு போகாத தடைக்காலத்தில், நாட்டுப்படகு மீன் எடை போட்டபோதும் இப்படி மறந்ததா?

மண்டபம்காரன்:
இல்லை, நீங்கள் கேட்ட பிறகுதான் யோசிக்கிறேன். அப்போது பகல் வேலை, ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

தொண்டிப் பையன்:
அப்படியானால் முதலில் தூக்கத்தைப் பாருங்கள். தூங்கியும் சரியாகவில்லை, வீட்டிலும் மறதி கூடுகிறது என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

மண்டபம்காரன்:
ஆப் வாங்கவில்லை. அக்கா சொன்ன தாளோடு இன்று போனேன். சத்தமாகத் திருப்பிச் சொன்னதும் அண்ணன் முதலில் "என்னடா, எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்றார், நாலாவது பெட்டியில் அவரே ஒரு எடையைத் திருத்தினார். கையைக் காட்டினாலும் ஐஸ் கேட்கிறவர் மட்டும் விடுவதாயில்லை.