ராஸ்பெரி பை 5: பை 4-இல் ஓடிய டேட்டாபேஸ் "அன்சப்போர்ட்டட் சிஸ்டம் பேஜ் சைஸ்" என்று நின்றுவிடுகிறது

டக்ஸ்தம்பி:
பை 4-இல் டெஸ்க்டாப்பாக ஓடிய எஸ்எஸ்டியை அப்படியே கழற்றி பை 5-இல் (8 ஜிபி) மாட்டியிருக்கிறேன். ராஸ்பெரி பை ஓஎஸ் புக்வார்ம், 64 பிட். டெஸ்க்டாப், பிரவுசர் எல்லாம் நன்றாகவே ஓடுகின்றன. டாக்கரில் (புரோகிராம்களைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓட்டும் கருவி) உள்ள டேட்டாபேஸ் மட்டும் எழுந்த வேகத்தில் விழுகிறது. லாகில் ஒரே வரி: "ஜெமாலக்: அன்சப்போர்ட்டட் சிஸ்டம் பேஜ் சைஸ்". இமேஜை அழித்து மறுபடி இறக்கியாயிற்று, ஆர்ம்64 இமேஜ்தான். சம்பந்தம் உண்டா தெரியவில்லை, ஃப்ரீ கட்டளை ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்கில் பயன்படும் இடம்) 0 என்கிறது. பை 4-இல் 2 ஜிபி ஸ்வாப் பார்ட்டிஷன் வேலை செய்தது.

கரிசல்காடு:
சம்பந்தம் உண்டு, இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: பேஜ் அளவு, அதாவது கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் புரோகிராம்) நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் துண்டின் பைட் அளவு. கெட்கான்ஃப் பேஜ்சைஸ் என்று அடித்துப் பாருங்கள் (பேஜ்சைஸ் மட்டும் பெரிய எழுத்தில்). 16384 என்று வரும். பை 4-இல் அதே எஸ்எஸ்டியில் 4096 வந்திருக்கும்.

ஒரே டிஸ்கில் இரண்டு கெர்னல்கள் இருக்கின்றன. கெர்னல்8.ஐஎம்ஜி என்பது 4 கேபி பேஜ். பை 3, பை 4-க்கும் சேர்த்துக் கட்டியது. பை 4-இன் சிபியுவான கார்டெக்ஸ்-ஏ72-க்கு 16 கேபி பேஜ் தெரியவே தெரியாது. பை 5-இன் கார்டெக்ஸ்-ஏ76-க்குத் தெரியும். அதனால் பை 5 ஃபர்ம்வேர், கெர்னல்_2712.ஐஎம்ஜி இருந்தால் அதைத்தான் எடுக்கும். அது 16 கேபி.

ஜெமாலக் என்பது டேட்டாபேஸுக்கு நினைவகம் ஒதுக்கும் லைப்ரரி. அதைக் கம்பைல் செய்யும்போதே பேஜ் அளவு உள்ளே பதிந்துவிடும். 4 கேபி மெஷினில் கட்டிய பைனரி அதைவிடப் பெரிய பேஜைக் கண்டால் கிளம்பவே கிளம்பாது. இமேஜை மறுபடி இறக்கிப் பயனில்லாததும் இதனால்தான்: கன்டெய்னருக்குத் தனிக் கெர்னல் கிடையாது, வெளியே இருப்பதுதான் உள்ளேயும். (ஆர்க்கிடெக்சர் தவறாக இருந்தால் "எக்ஸெக் ஃபார்மட் எரர்" என்றல்லவா வரும்.)

தீர்வு: பூட்/ஃபர்ம்வேர் ஃபோல்டரில் உள்ள கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்பில்

[பை5]
கெர்னல்=கெர்னல்8.ஐஎம்ஜி

என்று இரண்டு வரி (ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி விடாமல்). ரீபூட். பலர் சறுக்குவது இங்கேதான்: கோப்பின் கடைசியில் [சிஎம்4], [சிஎம்5] என்று பிரிவுகள் இருக்கும். அவற்றின் கீழே கெர்னல் வரியை மட்டும் ஒட்டினால் உங்கள் போர்டு அதைப் படிக்காது. பழைய பூட்/கான்ஃபிக்.டிஎக்ஸ்டியைத் திருத்தியும் பயனில்லை, புக்வார்மில் அது வெறும் அறிவிப்புப் பலகை.

ஸ்வாப்பின் தலைப்பகுதியிலும் பேஜ் அளவு உண்டு. ஸ்வாப்பை இயக்கும் ஸ்வாப்ஆன் கட்டளையைக் கையால் ஓட்டினால் "ஸ்வாப் ஃபார்மட் பேஜ்சைஸ் டஸ் நாட் மேட்ச்" என்று திட்டும். 4 கேபிக்குத் திரும்பினால் பழைய ஸ்வாப் தானாக எழும். அதுவரை எம்கேஸ்வாப் (ஸ்வாப்பைப் புதிதாக உருவாக்கும் கட்டளை) போடாதீர்கள். 16 கேபியில் போட்டால் திரும்பியபின் மறுபடி இதே தொல்லை. போதாததற்கு யுயுஐடியும் (பார்ட்டிஷனின் அடையாள எண்) மாறி எஃப்எஸ்டேபில் (பூட்டின்போது எவற்றை மாட்டுவது என்ற பட்டியல்) உள்ள வரி அநாதையாகிவிடும்.

நெய்தல்64:
16 கேபியை அவசரப்பட்டுக் கைவிட வேண்டுமா? டிஎல்பி (சிபியு நினைவக முகவரிகளைக் குறித்து வைக்கும் கேஷ்) ஒரு பதிவில் நான்கு மடங்கு நினைவகத்தைப் பிடிக்கும், கம்பைல் போன்ற வேலைகள் கொஞ்சம் வேகமாக முடியும். முரண்டு பிடிப்பது ஒரே புரோகிராம் என்றால் அதை மட்டும் மறுபடி கட்டலாம். ஜெமாலக்கின் கான்ஃபிகரில் வித்-எல்ஜி-பேஜ் என்ற ஆப்ஷனுக்கு 16 கொடுங்கள், 14 அல்ல. 2-இன் 16-ஆம் அடுக்கு 64 கேபி. அதற்குக் கட்டியது 4, 16, 64 மூன்றிலும் ஓடும். ரெட்ஹாட் என்டர்பிரைஸ் 8-இன் ஆர்ம் கெர்னலே 64 கேபிதான்.

"ஈஎல்எஃப் லோட் கமாண்ட் அலைன்மென்ட் நாட் பேஜ்-அலைன்டு" என்று வந்தால் அது வேறு வகை. அந்த லைப்ரரி மீது ரீட்ஈஎல்எஃப் -எல் போட்டு லோட் வரிசைகளின் கடைசிப் பத்தியைப் பாருங்கள்: 0எக்ஸ்1000 என்றால் 4 கேபிக்கு மட்டும் இணைத்த லைப்ரரி, 0எக்ஸ்10000 என்றால் பிரச்சினை இல்லை.

கரிசல்காடு:
அது சரி. ஆனால் பாக்ஸ்64 (இன்டெல் வகைப் புரோகிராம்களை ஆர்மில் ஓட்டுவது) வழியாக வைன் (விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டுவது) ஓட்டுகிற ஆசை இருந்தால் 4 கேபிதான் வழி.

டக்ஸ்தம்பி:
[பை5] போட்டு ரீபூட் செய்தேன். 4096. டேட்டாபேஸ் எழுந்தது, ஸ்வாப்பும் 2 ஜிபி காட்டுகிறது. ஆனால் பை 5-க்கு வந்தபின் டிகேஎம்எஸ்ஸில் (கெர்னலுக்கு ஏற்ப டிரைவரைக் கட்டித் தரும் கருவி) போட்ட யுஎஸ்பி வைஃபை இப்போது இல்லை.

கரிசல்காடு:
எதிர்பார்த்ததுதான். யூநேம் -ஆர் இப்போது ஆர்பிஐ-வி8 என்று முடியும். டிரைவரைக் கட்டியது ஆர்பிஐ-2712-க்கு. லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஆர்பிஐ-வி8 பேக்கேஜை நிறுவி, சூடோவுடன் டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால். வி8-க்கு எதிரே "இன்ஸ்டால்டு" என்று டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் சொன்னால் ரீபூட் செய்யுங்கள்.

ஆப்பிள்தோப்பு:
குறுக்கே ஒரு கேள்வி. எம்1 மேக்கில் அசாஹி (ஆப்பிள் சிப் மேக்குகளுக்கான லினக்ஸ்) வைத்திருக்கிறேன், அங்கேயும் 16384. இதே மாதிரி கெர்னல் மாற்றலாமா?

நெய்தல்64:
முடியாது. எம்1 சிபியு 4 கேபியும் அறியும். ஆனால் சாதனங்களுக்கும் நினைவகத்துக்கும் நடுவே இருக்கும் டார்ட் என்ற ஐஓஎம்எம்யு 16 கேபி மட்டுமே அறியும். அதனால்தான் அசாஹிக்காரர்கள் 2024 அக்டோபரில் விளையாட்டுகளுக்கு வேறு வழி பிடித்தார்கள்: மியூவிஎம் என்ற சிறு விர்ச்சுவல் மெஷினுக்குள் 4 கேபி கெர்னல், அதற்குள் இன்டெல் வகைப் புரோகிராம்களை ஆர்மில் ஓட்டும் ஃபெக்ஸ் எமுலேட்டர். விர்ச்சுவல் மெஷினுக்கும் ரேம் போகும், அதனால் 8 ஜிபி மேக்கில் பெரிய விளையாட்டுகளுக்கு இடம் போதாது. ஆர்ம்64 டேட்டாபேஸுக்கு இதெல்லாம் வேண்டாம். மேலே சொன்னபடி 16 கொடுத்துக் கட்டிய பைனரி அங்கேயும் ஓடும்.