அட்டையில் பாடுகிறாள், தனியாகக் காட்டினால் முழிக்கிறாள்

நான்கரை வயதுக்காரியின் அம்மா:
மகள் அ முதல் ஃ வரை ராகம் போட்டுச் சொல்கிறாள். சரி, எழுத்து தெரிந்துவிட்டது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். நேற்று சுவரில் இருக்கும் எழுத்து அட்டையில் ‘ஈ’யைத் தொட்டுக் கேட்டேன். முதல் கட்டத்திலிருந்து பாடிக்கொண்டே வந்து, என் விரல் இருந்த கட்டத்தில் நிறுத்தி ‘ஈ’ என்றாள். அதையே ஒரு தாளில் தனியாக எழுதிக் காட்டினால் முழிக்கிறாள். ‘அ’ எழுதச் சொன்னால் இரண்டு வரியில் பென்சில் பறக்கிறது. இந்த லட்சணத்தில் 247 எழுத்தையும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பாலர் வகுப்பு டீச்சர் (ஓய்வு):
உங்கள் பெண்ணுக்குப் பாட்டு தெரிகிறது, எழுத்து இன்னும் தெரியவில்லை. அவ்வளவுதான், கவலைப்படாதீர்கள்.

எழுத ‘அ’வில் ஏன் தொடங்குகிறீர்கள்? சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நேர்க்கோடு எல்லாம் அந்த ஒரே எழுத்தில் வருகிறது. ‘ட’வைப் பாருங்கள். மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு. அதையே மேலே ஏற்றிவிட்டால் ‘ப’. அப்புறம் ‘ம’. இந்த மூன்றோடு ஒரு புள்ளி இருந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் படிக்கலாம்.

என் வகுப்பில் புள்ளிக்குச் சட்டைப் பட்டன்தான். தரையில் சாக்பீஸால் ‘படம’ என்று எழுதுவேன். பிள்ளைகள் ‘ப...ட...ம...’ என்று வாயைத் திறந்து இழுப்பார்கள். ‘ம’ தலையில் பட்டனை வைத்ததும் உதடு மூடி ‘ம்ம்’. எடுத்தால் மறுபடி வாய் திறக்கும். வைப்பதும் எடுப்பதுமாக அரை மணி நேரம் போய்விடும்.

அதற்கும் முன்னால் காது பழக வேண்டும். மரம், மயில், பல்லி, மணி, இதில் எது சேராது என்று நடக்கும்போது கேளுங்கள்.

247 என்று மலைக்க வேண்டாம். 12 உயிர், 18 மெய், சில குறிகள் பிடிபட்டால் 216 உயிர்மெய்யில் பெரும்பாலானவை கூட்டிப் படிப்பதுதான். உகர, ஊகார வரிசைகள் மட்டும் படுத்தும். கொம்பும் கொஞ்சம் குழப்பும். முன்னால் எழுதிப் பின்னால் ஒலிக்கிறோமே! அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு பையன்களின் அப்பா:
டீச்சர் சொல்வது சரி. ஆனால் என் சின்னவன் ‘ட’வுக்கும் மசியவில்லை, தன் பெயரைத்தான் எழுதுவேன் என்று நின்றான். விட்டுவிட்டேன். பாதி எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பியிருக்கும். இந்த வயதில் அது சகஜம், திருத்தித் திருத்திக் கையை முடக்காதீர்கள்.

பென்சிலை எறிகிறாள் என்றால் விரலுக்கு வலு போதவில்லையோ என்னவோ. கிரேயானை இரண்டாக உடைத்துக் கொடுங்கள். துண்டு சின்னதானால் உள்ளங்கையில் குத்திப் பிடிக்க முடியாது, விரல் நுனி தானாக வரும். தாளைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நான் கடைப் பட்டியல் எழுதினால் அவனும் பக்கத்தில் கிறுக்குவான். ஒரு நாள் அதைக் காட்டி ‘இது சோப்பு, இது பெரிய சோப்பு’ என்று வாசித்தான். பெரிய சோப்புக்குக் கிறுக்கல் நீளம்!

நான்கரை வயதுக்காரியின் அம்மா:
நான்கு நாளாகப் பட்டன் விளையாட்டுதான். ‘படம்’ படித்துவிட்டாள். இன்று பட்டனை எடுத்துக்கொண்டு அட்டையில் இருக்கிற எல்லா எழுத்துக்கும் வைத்துப் பார்த்தாள். ‘ஈ’யிடம் வந்ததும் நின்று, ‘அம்மா, இதுக்கு ஏற்கெனவே ரெண்டு பட்டன் இருக்கு’ என்கிறாள். என்ன பதில் சொல்ல, டீச்சர்?