வீட்டு கேமராக்களுக்குச் சொந்தக் கணினியில் பதிவு மென்பொருள்: எதைத் தேர்ந்தெடுப்பது?

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஆர்டிஎஸ்பி (காட்சியை நெட்வொர்க் வழியே நேரடியாக அனுப்பும் முறை) வசதியுள்ள நான்கு கேமராக்கள் இருக்கின்றன. பதிவுகள் இதுவரை ஒரு நிறுவனத்தின் கிளவுடில்தான் சேர்ந்துவந்தன. சென்ற மாதம் இணையம் துண்டித்துப்போன ஓர் இரவில் வாசலில் நின்ற சைக்கிள் காணாமல் போனது. அந்த நேரத்துக்கு ஒரு நொடிக் காட்சிகூட மிஞ்சாததால், இனி அனைத்தையும் வீட்டிலேயே பதிவுசெய்ய முடிவெடுத்திருக்கிறேன்.

கைவசம் இருப்பது ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 கணினியும் 2 டிபி ஹார்ட் டிஸ்க்கும். ஒவ்வொரு கேமராவும் 4 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்புவதால் நான்குக்கும் சேர்த்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 173 ஜிபி சேரும். இடைவிடாமல் பதிந்தால் பதினோரு நாளில் டிஸ்க் நிறைந்துவிடும். அசைவை மட்டும் வைத்துப் பதியலாம் என்று சோதித்தபோதோ, தென்னங்கீற்றின் நிழலும் கேமராவின் கண்ணாடிமேல் ஊர்ந்த பல்லியும் விடிய விடிய எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருந்தன. ஆகவே அசைவது ஆள்தானா என்று பிரித்தறியும் மென்பொருளே வேண்டும்.

புளூ ஐரிஸ் என்ற பதிவு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்கும், விலையும் உண்டு என்பதால் விட்டுவிட்டேன். கேமரா அனுப்பும் குறைந்த தெளிவுள்ள துணை ஸ்ட்ரீமில் ஆளைக் கண்டறிந்து, முழுத் தெளிவுள்ள முதன்மை ஸ்ட்ரீமைப் பதிவுசெய்யும் ஃப்ரிகேட் என்ற மென்பொருளின் முறை எனக்குப் பிடித்திருக்கிறது; அதன் அமைப்புகளை நாமே எழுதவேண்டிய யாமல் கோப்பைப் பார்த்தால்தான் சற்றுத் தயக்கம்.

ஆளைக் கண்டறியும் கணக்கீட்டை இன்டெல் சிப்பிலேயே வேகமாகச் செய்ய உதவும் ஓப்பன்வினோ மென்பொருளைக் கொண்டு இந்தக் கணினியே நான்கு கேமராக்களைச் சமாளிக்குமா, அல்லது அந்தக் கணக்கீட்டுக்கென்றே உள்ள கூகுள் கோரல் என்ற கருவியைத் தனியாக வாங்க வேண்டுமா? மின்வெட்டுக்குப் பிறகு பதிவு தானாகவே தொடர என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்? ஓராண்டுக்கு மேல் பயன்படுத்திவருபவர்கள் தங்கள் அனுபவத்தைத் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.