இணையக் கதாபாத்திர விளையாட்டுகளில் உங்களை ஈர்ப்பது எது?

கேள்வி (கல்லூரி மாணவன், தருமபுரி):
மாலையில் பாடங்களை முடித்தபின், பலர் இணையத்தில் ஒரே கற்பனை உலகில் ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் 'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்' விளையாடுவது எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தருகிறது. மீன் பிடித்தும் மரம் வெட்டியும் ஒவ்வொரு திறனையும் 99ஆம் நிலையை நோக்கிப் படிப்படியாக வளர்க்கும் அந்த நிதானம், என் வகுப்பு நண்பர்கள் விரும்பும் துப்பாக்கி விளையாட்டுகளில் எனக்குக் கிடைக்கவில்லை. இந்த வகையை விரும்புவோர் நம் மாவட்டங்களில் இருக்கிறீர்களா?

மறுமொழி 1 (ஓசூர்):
இருக்கிறோம், தம்பி. என்னை ஈர்த்தது கூட்டு முயற்சிதான். 2004இல் வெளிவந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டின் தொடக்கக் காலப் பெரும்போர்களில் 40 பேர் வரை ஒன்றுசேர்வார்கள். முன்னின்று அடியைத் தாங்குபவர், காயம் ஆற்றுபவர், தாக்குபவர் என ஒவ்வொருவரும் தம் பொறுப்பைச் சரியாகச் செய்தால்தான் வெற்றி கிட்டும். முகம் அறியாதவர்கள் ஒருவரையொருவர் நம்பிச் செயல்படுவது, என் கருத்தில், வேறெந்த விளையாட்டிலும் இவ்வளவு ஆழமாக அமைவதில்லை. இம்மரபு மிகப் பழையது: 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்னும் மாணவர் தொடங்கி, ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' விளையாட்டில் படமே கிடையாது, எழுத்து மட்டுமே.

மறுமொழி 2 (பாலக்கோடு):
ரூன்ஸ்கேப் செயல்களை 0.6 நொடிக்கு ஒருமுறைதான் கணக்கிடுகிறது. ஆகவே இணைப்பு சற்றுத் தாமதமானாலும் திறன் வளர்ப்பு பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. கைப்பேசி இணையத்தை மட்டுமே நம்பியுள்ள எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய வசதி.

கேள்வி கேட்டவர்:
நன்றி, அண்ணா. 'மட்' பற்றி இன்றுதான் அறிந்தேன். பருவத் தேர்வு முடிந்ததும் நாம் மூவரும் ஒரே உலகில் சேர்ந்து விளையாடலாமா?