அவசரம்: கூட்டுக் கதையில சண்டை, விதிமுறை எப்படி வைக்கிறது?

கோட்டைமதில்:
வணக்கம். நாங்க சேர்ந்து ஒரு மாயக்கதை எழுதிக்கிட்டு இருக்கோம், ஆளுக்கொரு பாத்திரம். நேத்து ராத்திரி ஒருத்தர் எழுதினதுல இன்னொருத்தரோட பாத்திரம் செத்துப்போச்சு. அவங்க விட்டுட்டே போறேன்னு சொல்றாங்க. சுரங்கம் பிரச்சினை வேற இருக்கு. நாளைக்குள்ள ரூல்ஸ் போட்டே ஆகணும். யார்கிட்டயாவது ரெடியா இருந்தா குடுங்க. ரொம்ப நல்லா போய்க்கிட்டு இருந்த கதை, உடைஞ்சிடக் கூடாது.

காட்பாடி_ஜங்ஷன்:
எத்தனை பேர்? எதுல எழுதறீங்க, வாட்ஸ்அப்பா கூகுள் டாக்ஸா? முறை வெச்சு எழுதறீங்களா, தோணினவங்க தோணினப்போ எழுதறதா? நடுவுல கதைசொல்லின்னு ஒருத்தர் உண்டா? இதெல்லாம் தெரியாம என்னத்தச் சொல்றது?

ஆம்பூர்_வாசகி:
செத்துப்போச்சுன்னா எப்படி? குத்த வந்தான்னு எழுதினாரா, குத்தினான் செத்தாள்னு எழுதினாரா? ரெண்டும் ஒண்ணு இல்ல. அது என்ன சுரங்கம்?

பழைய_உறுப்பினர்:
இந்தக் கேள்வி இங்க எத்தனையோ தடவை வந்தாச்சு. தேடிப் படிச்சுட்டு வந்து கேக்கற பழக்கம் யாருக்கும் இல்ல. காட்மோடிங், பவர்ப்ளே, மெட்டாகேமிங் இந்த மூணும் என்னன்னு தெரியாம கூட்டுக் கதை ஆரம்பிச்சா இங்கதான் வந்து நிக்கணும். விதியெல்லாம் முதல் வரி எழுதறதுக்கு முன்னாடி உக்காந்து பேசி வைக்கிறது. அதுக்குப் பேரு செஷன் ஜீரோ. பாதியில வைக்கிறது விதி இல்ல, பஞ்சாயத்து.

ஆம்பூர்_வாசகி:
சார், தெரியாதுன்னு வந்தவங்ககிட்ட பேரை மட்டும் சொல்லிட்டுப் போனா அவங்களுக்கு என்ன பிரயோஜனம்? மதில், காட்மோடிங்னா தன் பாத்திரத்துக்கு எந்த அடியும் படாத மாதிரி எழுதறது. பவர்ப்ளேன்னா அடுத்தவர் பாத்திரம் என்ன செஞ்சுது, அதுக்கு என்ன ஆச்சுன்னு தானே எழுதிடறது. மெட்டாகேமிங்னா எழுதறவருக்குத் தெரிஞ்ச ரகசியம் பாத்திரத்துக்கும் தெரிஞ்ச மாதிரி நடத்தறது. உங்களுது ரெண்டாவது மாதிரி தெரியுது. விவரம் சொல்லுங்க.

கூத்துக்கொட்டகை:
நான் செய்யாறு பக்கம். எங்க ஊர்ல திரௌபதி அம்மன் கோயில் பாரதம்னா பகல்ல பிரசங்கம், ராவுல கூத்து. பாட்டு கட்டினதுதான், ஆனா வசனம் அவங்கவங்க அங்கியே பேசறது. துரியோதனன் வேஷம் இன்னா வேணும்னாலும் பேசலாம், பீமன் வாயால மட்டும் பேசக்கூடாது. நடுவுல கட்டியக்காரன் கீறான். வேஷத்தை சபைக்கு இட்டாந்து காட்றதும் அவன்தான், ஒரே இடத்துல இழுத்துக்கினு கெடந்தா அப்பால தள்ளிவுடறதும் அவன்தான். உங்க கதைக்கும் ஒரு கட்டியக்காரன் வையுங்க. சொந்தப் பாத்திரம் இல்லாத ஆளா இருக்கணும். இது ஒண்ணு போதும்பா, வேற ரூலே வேணாம்.

குடியாத்தம்_நெசவு:
அண்ணா, பதினெட்டாம் போர்ல துரியோதனன் சாவான்னு ஊருக்கே தெரியும். அவன் விழற படுகளச் சடங்குக்கு மண்ணுல அவன் உருவத்தை முன்கூட்டியே செஞ்சு படுக்க வெச்சுடறாங்க. யார் சாகறதுங்கிற தகராறே அங்க இல்ல. இவங்க கதையோட முடிவு இவங்களுக்கே தெரியாது. கட்டியக்காரன் தீர்ப்பு சொன்னா மட்டும் அந்தப் பாத்திரத்தை உண்டாக்கினவங்க மனசு ஆறிடுமா?

கூத்துக்கொட்டகை:
நடுவுல ஒரு ஆள் இருந்தா இவ்ளோ தூரம் வந்தே இருக்காதும்மா. அதைத்தான் சொல்றேன்.

கோட்டைமதில்:
ஆறு பேர். பேச்சு வாட்ஸ்அப்ல, கதை கூகுள் டாக்ஸ்ல. முறை கிடையாது, கதைசொல்லி கிடையாது. வேலூர்க் கோட்டை மாதிரி ஒரு கோட்டை. அதோட அகழிக்கு உயிர் உண்டு, அது விட்டாத்தான் யாரும் உள்ள வர முடியும். அகழிகிட்ட பேசத் தெரிஞ்ச ஒரே பொண்ணுதான் இப்போ செத்தது. இன்னொருத்தர் தன் படையை விரிஞ்சிபுரத்துலேர்ந்து சுரங்கம் வழியா உள்ள கொண்டுவந்து, ஒரே பத்தியில அவளை ஈட்டியால முடிச்சுட்டார். சுரங்கம் எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா, வேலூர்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேங்கறார். ஆபீஸ்ல இருக்கேன், அப்புறம் வர்றேன்.

சத்துவாச்சாரிக்காரன்:
அவர் சொன்னது சரிதான். கோட்டைக்குள்ள இருக்கற ஜலகண்டேஸ்வரர் கோயில்லேர்ந்து விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயில் வரைக்கும் சுரங்கம் உண்டுன்னு எங்க தாத்தா சொல்லிக் கேட்டிருக்கேன்.

காட்பாடி_ஜங்ஷன்:
சொல்லக் கேட்டதுதான் எல்லாரும். ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தூரம். தேடிப் பார்த்தவங்க யாருக்கும் அப்படி ஒரு வழி கிடைக்கல. அகழியில முதலை விட்டிருந்தாங்கன்னும்தான் சொல்றாங்க.

சத்துவாச்சாரிக்காரன்:
அப்போ 1981 வரைக்கும் கோட்டைக் கோயில்ல சாமி இல்லாம இருந்ததும் கதைதானா? லிங்கம் எங்க ஊர்லேர்ந்துதான் திரும்ப உள்ள போச்சு.

காட்பாடி_ஜங்ஷன்:
அது நடந்தது. கண்ணால பார்த்தவங்க இன்னும் இருக்காங்க. சுரங்கத்துல நடந்து போனவங்க யாரு? 1806 ஜூலை 10 சிப்பாய்கள் கோட்டையைப் பிடிச்சப்போ வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி ஆற்காட்டுலேர்ந்து குதிரைப்படையோட ஓடிவந்து, வாசற்கதவைப் பீரங்கியால உடைச்சுத்தான் படையை உள்ள விட்டான். அவ்வளவு பெரிய சுரங்கம் இருந்திருந்தா அன்னைக்கு யாராவது ஒருத்தர் பயன்படுத்தியிருக்க மாட்டாங்களா?

சத்துவாச்சாரிக்காரன்:
வெள்ளைக்காரனுக்குத் தெரியாம மூடி வெச்சிருப்பாங்க. விரிஞ்சிபுரத்துல வந்து கேட்டுப் பாருங்க.

பழைய_உறுப்பினர்:
கேள்வி கதை விதி பத்தி. தொல்லியல் பேசணும்னா தனி இழை திறங்க. சாவு விஷயத்துக்கு ஒரே தீர்வு பகடை. ஈட்டி பட்டுதா இல்லையான்னு உருட்டினா முடிஞ்சுது. உலகம் பூரா அப்படித்தான்.

ஆம்பூர்_வாசகி:
மேசையில உக்காந்து பாத்திரம் ஏத்து விளையாட்டா ஆடறவங்களுக்கு அது சரி. இவங்க எழுதறவங்க. மாசக்கணக்கா யோசிச்சு வளர்த்த பொண்ணை ஒரு எண்ணு சாகடிச்சா, சண்டை நின்னுடும், எழுதற ஆசையும் சேர்ந்து நின்னுடும்.

குடியாத்தம்_நெசவு:
சுரங்கம் நிஜத்துல இருந்ததா இல்லையாங்கறது இவங்களுக்குத் தேவையே இல்லீங்க. கதைக்குள்ள எழுதாத எதுவும் கதையில கிடையாது. வேலூர்க் கோட்டை "மாதிரி"ன்னு சொன்ன உடனே ஒவ்வொருத்தரும் தனக்குத் தெரிஞ்ச வேலூரைத் தூக்கிக்கிட்டு உள்ள வந்துடுவாங்க. ஒருத்தருக்கு சுரங்கம், ஒருத்தருக்கு முதலை, இன்னொருத்தருக்கு கண்டி ராஜாவைச் சிறை வெச்ச மாளிகை. எது சேர்த்தி எது இல்லைன்னு ஒரு குறிப்பேடு இருக்கணும். புதுசா ஒரு இடமோ வழியோ மந்திரமோ வேணும்னா முதல்ல அதுல எழுதுங்க. ஆறு பேரும் பார்த்துச் சரின்னு சொன்ன அப்புறம்தான் அது நிஜம். அதுவரைக்கும் கதைக்குள்ள அது வதந்தி. பாத்திரங்கள் அதை நம்பலாம், தேடி அலையலாம், படையோட அதுக்குள்ள நடந்து வர மட்டும் முடியாது.

சாவைப் பத்தி: முயற்சியை எழுதுங்க, விளைவை எழுதாதீங்க. "அவள் மார்பைக் குறிவைத்து ஈட்டியை எறிந்தான்." அங்க பேனாவை வெச்சுடணும். அடுத்த வரி அவளை எழுதறவங்களோடது. விலகலாம், தோள்ல வாங்கலாம், அகழியே எழுந்து தடுக்கலாம். செத்தே போகணும்னு அவங்களுக்குத் தோணினா அவங்களே எழுதுவாங்க. அந்தச் சாவுக்கு ஒரு கனம் இருக்கும். அதுக்காக எல்லா அடியிலயும் தப்பிச்சுக்கிட்டே இருக்கறதும் நியாயம் இல்ல. எறிஞ்சவர் நல்லா எழுதியிருந்தா அதுக்கு ஒரு விலை குடுத்தே ஆகணும். அகழியோட சக்திக்கும் ஒரு எல்லை வையுங்க. அகழியால முடியாதது எதுவுமே இல்லைன்னா சுரங்கம் தோண்டினவரைக் குத்தம் சொல்ல முடியாது. அவருக்கு உள்ள வர வேற வழியே நீங்க வைக்கலயே.

நேத்து எழுதினதை யாரும் சத்தமில்லாம அழிக்க வேணாம், இன்னும் ரணமாகும். ஆறு பேரும் ஒத்துக்கற கடைசிப் பத்தி எதுன்னு பாருங்க. அங்கேர்ந்து ஈட்டிக்காரரே திருத்தி எழுதட்டும். அவர் படையும் கோட்டைக்குள்ள வர ஆசைப்படறதுல தப்பு இல்ல, அதுக்கு வழி விடுங்க. கொஞ்ச நாள் எழுத முடியாம போறவங்க பாத்திரத்தை ஊருக்கு அனுப்பி வையுங்க, சாகடிக்காதீங்க.

ஆம்பூர்_வாசகி:
இதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. ஆறு பேர்ல பதினெட்டு வயசுக்குக் கீழ யாராவது உண்டா? சித்திரவதை, பலாத்காரம் மாதிரி காட்சி எதுவரைக்கும்னு முன்னாடியே பேசிடுங்க. ஒரு காட்சி போற திசை பிடிக்கலைன்னா காரணம் சொல்லாமலே யாரும் நிறுத்தச் சொல்லலாம். அதுக்கு எக்ஸ் கார்டுன்னு ஒரு முறை இருக்கு, வாட்ஸ்அப்ல ஒரு எக்ஸ் போட்டா போதும். ஏன்னு யாரும் கேக்கக் கூடாது.

ராணிப்பேட்டை_ரமணி:
யாரும் சொல்லாத ஒண்ணு. நாளைக்கு இது புத்தகமா வந்தா யாருக்கு உரிமை? ஒருத்தர் பங்கை இன்னொருத்தர் பங்குலேர்ந்து பிரிக்க முடியாதபடி சேர்ந்து உண்டாக்கினதைத்தான் 1957 பதிப்புரிமைச் சட்டம் கூட்டாசிரியர் படைப்புங்குது. டாக்ஸ்ல யார் எந்தப் பத்தி எழுதினாங்கன்னு வரலாறு அப்படியே நிக்குமே. அப்போ இது கூட்டுப் படைப்பா, ஆறு பேரோட தனித்தனிப் பங்கான்னு கேள்வி வரும். ஒருத்தர் விலகிட்டா அவர் பாத்திரத்தை மத்தவங்க தொடர்ந்து எழுதலாமா, வெளியிட யார் யார் சம்மதம் வேணும்னு இப்பவே ஒரு பக்கம் எழுதி ஆறு பேரும் கையெழுத்துப் போட்டுக்குங்க.

சத்துவாச்சாரிக்காரன்:
வதந்தின்னு எழுதினாலும் சுரங்கத்தை எடுத்துடாதீங்க. அது இல்லாம கோட்டைக் கதையா?

கோட்டைமதில்:
பேசிட்டோம். ஈட்டி பறந்துக்கிட்டு இருக்கற இடத்துல நிறுத்தியிருக்கார். அடுத்த வரி அவங்களுக்கு விட்டாச்சு, எழுதறேன்னு சொல்லிட்டாங்க. குறிப்பேடு திறந்தாச்சு, சுரங்கம் அதுல முதல் வதந்தி. கட்டியக்காரர் வேலையை மாசம் ஒருத்தர் எடுத்துக்கறதா இருக்கோம், அந்த மாசம் அவர் பாத்திரம் ஓய்வு. எக்ஸும் சேர்த்தாச்சு. எல்லாருக்கும் நன்றி.

கூத்துக்கொட்டகை:
மாசம் ஒருத்தர்னா அது கட்டியக்காரன் இல்லபா. ஒரே ஆள் நெலையா இருக்கணும்.

ராணிப்பேட்டை_ரமணி:
மதில், உரிமை பத்தி எழுதி வெச்சீங்களா?