வில்மா மேன்கில்லரின் தன்வரலாறு: இலக்கியம் சரி, வரலாற்று ஆதாரமாக ஏற்கலாமா?

மருதன்:
அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கிகளின் அரசு, செரோக்கி நேஷன். அதற்கு முதன்முதலாகத் தலைமையேற்ற பெண், வில்மா மேன்கில்லர். மைக்கேல் வாலிஸுடன் சேர்ந்து 1993-ல் அவர் எழுதிய தன்வரலாற்றைப் படித்து முடித்தேன். எழுத்து அருமை. ஆனால் ஆதாரமாக ஏற்க மாட்டேன். 1956-ல் குடும்பம் ஓக்லஹோமாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போனதைக் கண்ணீர்ப் பாதையோடு ஒப்பிடுகிறார். கண்ணீர்ப் பாதை என்பது 1838-ல் ராணுவம் வீடு புகுந்து செரோக்கிகளை மேற்கே விரட்டியது, சுமார் 4,000 பேர் செத்தார்கள். இவர் அப்பாவோ அரசுத் திட்டத்துக்குச் சம்மதித்து ரயில் ஏறியவர்.

யாழினி:
எது சம்மதம், மருதன்? ஊரில் வறட்சி, கையில் காசில்லை. அந்த நேரம் பார்த்து அரசு வந்து நகரத்தில் வேலை தருகிறேன் என்கிறது. பூர்வகுடிகளை நகரங்களில் கரைத்துவிடுவதுதான் அந்தத் திட்டத்தின் நோக்கமே. எத்தனை குடும்பம் போனது என்று கோப்பு சொல்லும். சான் பிரான்சிஸ்கோவின் டெண்டர்லாயின் பகுதி விடுதியில் ராத்திரி சைரன் சத்தம் கேட்டு, ஏதோ மிருகம் ஊளையிடுகிறது என்று பிள்ளைகள் மிரண்டதைச் சொல்லுமா? லிஃப்டையே பார்த்திராத பிள்ளைகள். சுவரில் பெட்டி திறக்கிறது, ஒருவர் உள்ளே போகிறார், மறுபடி திறந்தால் வேறு ஆள் வருகிறார்!

மருதன்:
அது அனுபவத்துக்குச் சாட்சி, ஒப்புக்கொள்கிறேன். ஆட்சிக்கு? பதவியில் இருந்தபோதே வந்த புத்தகம் இது. செரோக்கிகளிடம் அடிமையாக இருந்த கறுப்பர்களுக்கு 1866-ல் அமெரிக்க அரசோடு செய்த உடன்படிக்கை செரோக்கி நேஷனின் குடியுரிமை தந்தது. 1983-ல் செரோக்கி தேர்தல்களில் அவர்கள் வழித்தோன்றல்களின் ஓட்டுரிமை பறிபோனது. இவர் தலைவராக இருந்த காலத்திலும் அது திரும்பவில்லை. 2017-ல் ஃபெடரல் நீதிமன்றம்தான் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இதில் இவர் சொல்வதை மட்டும் கேட்டால் போதுமா?

செல்வம்:
மட்டும் என்று யார் சொன்னது? ஓக்லஹோமாவில் பெல் என்ற செரோக்கி கிராமத்தில் மேன்கில்லர் முன்னின்று நடத்திய குடிநீர்த் திட்டத்தின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் குழாய்த் தண்ணீர் கிடையாது. ஊர்க்காரர்களே குழி வெட்டி, சுமார் 16 மைலுக்குக் குழாய் பதித்தார்கள். இதெல்லாம் வெளியிலிருந்தும் சரிபார்க்கக் கூடியதுதான்.

யாழினி:
அதேதான். மருதன், பதவியில் இருந்தவர் எழுதியது என்று தள்ளினால், 1830-ல் பூர்வகுடிகளை வெளியேற்றும் சட்டத்தில் கையெழுத்திட்ட அமெரிக்க ஜனாதிபதி ஜாக்சனின் காகிதங்களையும் தள்ளத்தானே வேண்டும்? அவற்றைக் குறுக்குக் கேள்வி கேட்டுப் பயன்படுத்துகிறோம். இவரையும் அப்படியே கேளுங்கள். ஓட்டுரிமை விஷயத்தில் நீங்கள் கேட்பது நியாயம், அதற்கு அந்த வழித்தோன்றல்களின் வாக்குமூலத்தைப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

மருதன்:
அப்படி வைத்துப் படிப்பதென்றால் எனக்குச் சம்மதம். ஆனால் கண்ணீர்ப் பாதை ஒப்பீட்டை இன்னமும் ஏற்கவில்லை.